தார்ப் பாலையின் ஊர்வனவற்றையும் தவளைகளையும் கணக்கெடுங்கள்: சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒன்றிய சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகத்தாருக்கு,

வணக்கம்.

ராஜஸ்தானின் மேற்கு மாவட்டங்களில் சூரிய மின் பூங்காக்களுக்கு நிலம் ஒதுக்கும் முன், அங்கு வாழும் ஊர்வனவற்றையும் தவளை, தேரைகளையும் ஓராண்டு முழுவதும் கணக்கெடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். சூரிய மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இத்திட்டங்களுக்கு முன் அனுமதி கோருவதில்லை. ஆகவே, சுமார் 14,000 ஏக்கரில் அமைந்த பட்லா பூங்காவைப் போன்ற பெருந்திட்டமானாலும், மண்ணைச் சமன்செய்யும் முன் அங்கே எவை வாழ்ந்தன என்று பதிவுசெய்யும் கடமையை அந்த அறிவிக்கை எவருக்கும் விதிக்கவில்லை.

ஓராண்டு என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஜெய்சல்மேர் பகுதியில் ஆண்டு மழை பெரும்பாலும் 200 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. மாதக்கணக்கில் மண்ணுக்கடியில் உறங்கும் தவளைகள், பருவத்தின் முதல் நல்ல மழைக்கு வெளிவந்து தேங்கிய நீரில் முட்டையிடுகின்றன. அந்த நீர் வற்றுவதற்குள் தலைப்பிரட்டைகள் தவளையாகிவிட வேண்டும். அந்தச் சில இரவுகளைத் தவறவிட்ட ஆய்வாளர் ஒரு தவளையையும் காணாமல் திரும்பக்கூடும். முள்வால் பல்லியோ குளிர்காலத்தில் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்துவிடும். சுருட்டை விரியனை இரவில்தான் தேட வேண்டும். ஜனவரியில் ஒரு வாரம் பகலில் சுற்றிவிட்டு எழுதும் அறிக்கை, அங்கே ஒன்றுமில்லை என்றே சொல்லும்.

1971 போரால் நாடறிந்த லோங்கேவாலாவின் மணற்குன்றுகளில் வாழும் தேரைத்தலை ஓந்தி, 1978-இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. உடலை அதிர்த்து நொடியில் மணலுக்குள் புதைந்துகொள்ளும் அந்தச் சிற்றுயிருக்கு இளகிய மணல்தான் வீடு. மணற்குன்றுகள் நகராமல் தடுக்க நட்ட சீமைக் கருவேலம்கூட அதற்கு இழப்பே. இத்தகைய நிலத்தை ஆவணங்களில் 'தரிசு' என்று எழுதுவது எனக்கு வேதனை தருகிறது.

ஜோத்பூரில் 1960 முதல் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் பாலைவன மண்டல மையம் இயங்கிவருகிறது. கணக்கெடுப்பை அதனிடம் ஒப்படைக்கலாம். செலவை நிலம் பெறும் நிறுவனம் ஏற்கட்டும். ஆய்வாளரைத் தேர்வுசெய்யும் உரிமை மட்டும் அதற்கு இருக்கக் கூடாது. வளைகள் இருக்கும் இடமறிந்த மேய்ப்பர்களை ஊதியம் கொடுத்துக் குழுவில் சேர்க்க வேண்டும். முடிவுகள் நில ஒதுக்கீட்டுக்கு முன்பே பொதுவெளிக்கு வர வேண்டும். முள்வால் பல்லியின் வளைகள் உள்ள துல்லியமான இடங்களை மட்டும், எண்ணெய்க்காக அவற்றைப் பிடிப்போர் கண்ணில் படாதபடி மறைத்து வைக்கலாம்.

இப்படிக்கு,
ஊர்வன ஆர்வலர் ஒருவர்