பெரியம்மா எடுத்த மூன்று சீட்டுகள்

அன்புள்ள பெரியம்மா அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் வீட்டுக் கூடத்தில் நீங்கள் எடுத்த மூன்று டாரோ சீட்டுகளுக்கு (பலன் சொல்லும் படச் சீட்டுகள்) நான் சொன்ன பலன் அவசரத்தில் சொன்னது என்பது, சத்துவாச்சாரிக்குத் திரும்பும் பேருந்திலேயே எனக்கு உறைத்துவிட்டது. "பேய்ச் சீட்டு வந்துவிட்டதே, வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கக் கூடாது என்றுதானே அர்த்தம்?" என்று நீங்கள் கேட்டபோது, மறுத்துப் பேசாமல் காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டது என் தவறு.

நடுவில் வந்தது நாணய நான்கு. ஃபோர் ஆஃப் பென்டகிள்ஸ் என்பார்கள். 1909-இல் இலண்டனில் வெளியான, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த சீட்டுக்கட்டில், அந்த மனிதர் ஒரு காசை மார்போடு அணைத்து, ஒன்றைக் கிரீடத்தின் மேல் ஏற்றி, இரண்டைக் காலடியில் மிதித்தபடி ஊருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார். எழுந்தால் காலடிக் காசு கைவிட்டுப் போகும். குனிந்தால் தலைக்காசு விழும். இது தனியாக வந்திருந்தால் சிக்கனம் என்றே சொல்லியிருப்பேன். (நம் வீட்டில் சீட்டு என்றாலே மாதச்சீட்டுதான், பெரியப்பா போன பிறகு அதைக் கட்டித்தானே நீங்கள் மாடியை எழுப்பினீர்கள்.)

ஆனால் இடப்பக்கம் டெவில், நீங்கள் சொன்ன அந்தப் பேய்ச் சீட்டு, இருந்தது. நீங்கள் கொம்பைப் பார்த்தீர்கள், சங்கிலியைப் பார்க்கவில்லை. அந்த ஆண், பெண் இருவரின் கழுத்திலும் கிடக்கும் வளையம் தலைவழியாகக் கழற்றிவிடும் அளவுக்குத் தளர்வாகவே வரையப்பட்டிருக்கிறது. நாணய நான்கோடு சேரும்போது, பொருளை இறுகப் பிடித்திருப்பவரையே அந்தப் பொருள் பிடித்துக்கொள்கிறது என்று இதற்குப் பொருள் கொள்வேன். வேலூர்க் கோட்டையின் அகழியும் பகைவர் உள்ளே வராதிருக்க வெட்டியதுதான். 1799-க்குப் பிறகு திப்பு சுல்தானின் பிள்ளைகளை உள்ளேயே வைத்துக் காக்கவும் அது உதவியது.

வலப்பக்கத்து எம்பரருக்கும், அதாவது சக்கரவர்த்திச் சீட்டுக்கும், எண் நான்குதான். போர் ஏதும் கண்ணில் படாத இடத்தில், கல் சிம்மாசனத்தில், அங்கிக்குள் கவசம் அணிந்தே அமர்ந்திருக்கிறார். குடும்பத்தைத் தாங்கியவர் இவர். தாங்கிய கையை இன்னும் எடுக்காதவரும் இவரே. அண்ணன்கள் இருவரும் ஒன்றாம் தேதி சம்பளத்தை உங்களிடம் கொடுத்துவிட்டு, பெட்ரோலுக்கு நூறு ரூபாய் கேட்டு வாங்குவதும், பீரோ சாவி உறங்கும்போதும் உங்கள் இடுப்பை விட்டு இறங்காததும் அப்போது என் நினைவுக்கு வந்தன. உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்றையும் அன்று கவனிக்கத் தவறினேன். காசுக்காரர், சக்கரவர்த்தி, கொம்பு முளைத்த அந்த உருவம் ஆகிய மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று படங்களிலும் நின்றுகொண்டிருப்பவர்கள் சங்கிலி பூண்ட அந்த இருவர் மட்டுமே. உங்களைக் குறித்துக் கேட்ட கேள்விக்கு, அண்ணன்களைக் காட்டி வந்த பதிலாகவே இதை நினைக்கிறேன்.

வீட்டை எழுதிக் கொடுப்பதா என்பதைச் சீட்டிடம் கேட்க வேண்டாம். உங்கள் காலம் வரை அங்கே வசிக்கும் உரிமையை உங்களுக்கே வைத்துக்கொண்டு செட்டில்மென்ட் பத்திரம் எழுத வழி இருக்கிறது. ஒரு வழக்கறிஞரைப் பார்ப்போம், நானும் உடன் வருகிறேன். அதற்கு முன், பீரோவின் இரண்டாவது சாவியைப் பெரிய அண்ணியிடம் கொடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகள்