சென்னை சிட்டி எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்து பற்றி நீங்கள் தொடர்ந்து எழுதி வருவதை விடாமல் படிக்கிறேன். 2025 ஜூலையில் போட்டியை நிறுத்தி வைத்தது, லீக்கை நடத்தும் நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடியும் தறுவாயில் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது, சில அணிகள் சம்பளத்தையே நிறுத்தியது, கடைசியில் 2026 பிப்ரவரியில் ஆளுக்கு ஒரு முறை மட்டும் மோதும்படி சீசனைச் சுருக்கி ஒருவழியாகத் தொடங்கியது என்று எல்லாவற்றையும் விரிவாகப் போட்டீர்கள், நன்றி. ஆனால் அந்தக் கட்டுரைகளில் ஒன்றில், தமிழ்நாட்டு அணி ஒன்று தேசிய அளவில் லீக் பட்டம் வென்றது கடைசியாக 2018-ல், ஐஎஸ்எல் அணியான சென்னையின் எஃப்சி (Chennaiyin FC) மூலமாக என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

2018 இல்லை சார், 2019. மார்ச் 9, சனிக்கிழமை, கோவை நேரு ஸ்டேடியம். அணியின் பெயர் சென்னை சிட்டி எஃப்சி, சொந்த மைதானம் கோவை. வென்றது ஐ-லீக். இன்றைக்கு ஐ-லீக் என்றால் இரண்டாம் டிவிஷன் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த சீசனில் அப்படி இல்லை. ஐஎஸ்எல்லும் ஐ-லீக்கும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின, ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்கான இந்திய இடம் ஐ-லீக் சாம்பியனுக்குத்தான் இருந்தது. ஐஎஸ்எல்லை முதல் டிவிஷனாக ஏற்றுக்கொண்டது 2019-20-ல் இருந்துதான். ஆக, சென்னை சிட்டி வென்றது முழுமையான தேசிய பட்டம், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், சர்ச்சில் பிரதர்ஸ் எல்லாம் ஆடிய லீக்கில்.

அந்த சீசனைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மொத்தம் 11 அணிகள், ஒவ்வொரு அணிக்கும் 20 ஆட்டங்கள். சென்னை சிட்டி அதற்கு முந்தைய இரண்டு சீசன்களில் கீழ்ப்பாதியிலேயே தவித்த அணி, கீழே இறங்காமல் தப்பித்தாலே போதும் என்று இருந்த அணி. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ்தான் பயிற்சியாளர். ஸ்பெயினில் கீழ் டிவிஷன்களில் ஆடிக்கொண்டிருந்த, இங்கே யாரும் கேள்விப்படாத ஆட்களைக் கொண்டுவந்தார்கள். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ, எஸ்லாவா. அவர்களோடு நம்ம ஊர்ப் பசங்க. எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார், பாண்டியன் சீனிவாசன். அக்டோபர் 26-ந் தேதி முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஏரோஸ் அணியை 4-1 என்று அடித்தார்கள், மான்சிக்கு ஹாட்ரிக். சரி, எதிரில் இருந்தது சின்னப் பசங்க அணி, போகப் போகத் தெரியும் என்றுதான் எல்லாரும் பேசினார்கள். போகப் போகத்தான் இன்னும் நன்றாக ஆடினார்கள்.

அவர்கள் ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பந்தைத் தூக்கி அடிக்கவே மாட்டார்கள். நம் ஊரில் பழகியதெல்லாம் பின்னாலிருந்து ஓங்கி ஒரு உதை, முன்னால் உயரமான ஒரு வெளிநாட்டுக்காரர் தலையில் வாங்குவார், மிச்சத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார். இவர்கள் பின்வரிசையிலிருந்தே தரையோடு தரையாகப் பந்தைக் கொடுத்து வாங்கி வருவார்கள். எட்வின் வலது ஓரத்தில் மேலே ஏறுவார், ரொமாரியோ உள்ளே வெட்டுவார், நெஸ்டர் நடுவில் பந்தை வாங்கி ஒரு நொடி காலடியில் வைத்திருப்பார், கேலரியில் இருப்பவர்கள் “குடுறா, குடுறா” என்று கத்துவார்கள், அவர் கொடுக்க மாட்டார், மான்சி இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவில் நழுவும் அந்த நேரத்துக்குத்தான் பந்து போகும். மான்சி அந்த சீசனில் 21 கோல் போட்டார். சர்ச்சில் அணியின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21.

பட்டம் சுலபமாக வரவில்லை. கடைசி ஆட்டத்துக்கு முன்பே முடித்திருக்கலாம், கோவாவில் சர்ச்சிலிடம் தோற்றதால் எல்லாம் கடைசி நாளுக்குத் தள்ளிப்போனது. சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில். கோவையில் நடப்பு சாம்பியன் மினர்வா பஞ்சாபுடன் நமக்கு ஆட்டம், கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஈஸ்ட் பெங்காலுக்கு. நாம் ஜெயித்தால் வேறு கணக்கு தேவையில்லை. டிரா ஆகி, அங்கே அவர்கள் ஜெயித்துவிட்டால் ஒரு புள்ளியில் போய்விடும்.

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா ஒரு கோல் போட்டது. அதற்கு மேல் முதல் பாதி முழுக்க நம் ஆட்களுக்குக் கால் ஓடவில்லை, ஐந்து மாதம் ஆடிய ஆட்டம் எங்கே போனது என்று தெரியவில்லை. நேரு ஸ்டேடியத்தில் கேலரிக்கும் ஆடுகளத்துக்கும் நடுவே ஓட்டப்பந்தயத் தடம் இருப்பதால் ஆட்டக்காரர்கள் முகம் சரியாகத் தெரியாது, ஆனால் தோள் தொங்கியிருப்பது தெரிந்தது. இடைவேளைக்குப் பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா. அஸ்ஸாம் பையன், கோல் போடுவது அவர் வேலையே இல்லை. அவர் ஒரு கோல் போட்டு 2-1 ஆக்கினார். அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் கோகுலம்தான் முன்னிலையில் இருந்தது, அதனால் கொஞ்சம் மூச்சு விட்டோம், ஆனால் ஈஸ்ட் பெங்கால் கடைசிக் கட்டத்தில் சமன் செய்து, இன்னொரு கோலும் போட்டுவிட்டது. அந்தச் செய்தி செல்போன் வழியாகக் கேலரியில் வரிசை வரிசையாகப் பரவியதை என்னால் மறக்க முடியாது, ஒருவர் போனைப் பார்ப்பார், பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்ப்பார், அப்படியே இரண்டு பேரும் தலையைத் தூக்கி ஆடுகளத்தைப் பார்ப்பார்கள். இனி மினர்வா ஒரே ஒரு கோல் போட்டால் கதை முடிந்தது. காயத்துக்கான கூடுதல் நேரத்தில் மறுபடி அதே போரா இன்னொரு கோல். 3-1. அதற்கப்புறம் நடந்தது எதுவும் எனக்கு ஒழுங்காக ஞாபகம் இல்லை, பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்ததைத் தவிர. 43 புள்ளிக்கு 42. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் வென்றது அதுதான் முதல் முறை.

இதோடு விட்டால் கூடப் பரவாயில்லை, உங்கள் கட்டுரையில் விட்டுப்போன இன்னொரு விஷயம் இருக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில் புவனேஸ்வரில் சூப்பர் கோப்பை நடந்தது. காலிறுதியில் ஐ-லீக் சாம்பியனான சென்னை சிட்டியும், அந்த சீசன் ஐஎஸ்எல் சாம்பியனான பெங்களூரு எஃப்சியும் மோதின. சுனில் சேத்ரி, குர்பிரீத் எல்லாம் இருந்த அணி. சென்னை சிட்டி 2-1 என்று ஜெயித்தது, இரண்டு கோலும் நெஸ்டர். நாட்டின் இரண்டு சாம்பியன்களும் நேருக்கு நேர் ஆடிய ஆட்டத்தில் ஜெயித்தது கோவை மைதானத்து அணி! அரையிறுதியில் எஃப்சி கோவாவிடம் 3-0 என்று தோற்றார்கள், அது வேறு. ஆனால் அணியின் பலத்துக்கு அந்தக் காலிறுதியைவிட என்ன சான்று வேண்டும்? அதே சீசனில் ஐஎஸ்எல்லில் சென்னையின் எஃப்சி 9 புள்ளியோடு கடைசி இடம். சென்னையின் எஃப்சி மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை, 2015-லும் 2018-லும் அவர்கள் கோப்பை வாங்கியபோது நானும் கத்தியவன்தான். ஆனால் இரண்டில் எந்த அணியின் பெயர் இன்றைக்கு எல்லாருக்கும் தெரியும், எதன் பெயர் தெரியாது என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்குக் காரணம் ஆட்டம் இல்லை, அமைப்பு. உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் கீழே ஜெயித்தவன் மேலே போவான், மேலே தோற்றவன் கீழே வருவான். இங்கே ஐஎஸ்எல் உரிமம் வாங்கிய அணிகளுக்கான மூடிய அறையாக இருந்தது. 2019-ல் திடீரென்று மேல், கீழ் என்று பிரித்தபோது ஐ-லீக் சாம்பியனான சென்னை சிட்டிக்கு மேலே இடம் இல்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்ட சாம்பியன் அவர்கள். அந்த ஆண்டு அக்டோபரில் கோலாலம்பூரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் முன்னிலையில் ஒரு திட்டம் போட்டார்கள். 2022-23 சீசனில் இருந்துதான் ஐ-லீக் வெல்லும் அணிக்கு ஐஎஸ்எல்லில் இடம் என்றார்கள். அதன்படி பஞ்சாப் எஃப்சி மேலே போனது, அடுத்த ஆண்டு முகமதன், அதற்கடுத்து பெரிய சட்டப் போராட்டத்துக்குப் பிறகு இன்டர் காசி. அந்த 2022-23-க்கு முன்பு கோகுலம் கேரளா வரிசையாக இரண்டு முறை ஐ-லீக் வென்றும் மேலே போக முடியவில்லை. மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் நூறாண்டு ரசிகர் பலம் இருந்தது, பெரிய முதலாளிகள் கிடைத்தார்கள், வேறு வழியில் உள்ளே போய்விட்டார்கள். புதிய சின்ன அணிக்கு அந்த வழியும் இல்லை.

சாம்பியன் ஆன அந்தச் சமயத்தில் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது, ஐரோப்பாவின் பெரிய கிளப் ஒன்று கோவைக்கு வருகிறது என்று எவ்வளவு நம்பினோம். 2020 ஜனவரியில் பஹ்ரைனில் அல் ரிஃபா அணியிடம் ஒரே கோலில் தோற்று ஆசிய சாம்பியன்ஸ் லீக் கனவு முடிந்தது. அதன்பின் மார்ச்சில் ஆசியாவின் அடுத்த நிலைப் போட்டியான ஏஎஃப்சி கோப்பை, மாலத்தீவின் மாசியா அணியுடன். சொந்த மண்ணில் ஆட வேண்டிய ஆட்டம், நடந்தது அகமதாபாத்தில். கோவையில் ஒரு ரசிகர்கூடப் பார்க்க முடியாத ‘சொந்த மண்’ ஆட்டம். 2-2 டிரா. சில நாளில் கொரோனா வந்தது, அந்தப் போட்டியே ரத்தாகிவிட்டது. மான்சி அதற்குள் ஜப்பானுக்குப் போய்விட்டார், எட்வின் சென்னையினுக்கு, அஜித்தும் ரொமாரியோவும் பிறகு ஐஎஸ்எல் அணிகளுக்கு. 2020-21 சீசன் முழுவதும் வங்காளத்தில் மூடிய மைதானங்களில் நடந்தது. அதற்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. சாம்பியன் ஆகி மூன்றே ஆண்டுக்குள்!

நிர்வாகம் தவறே செய்யவில்லை என்று நான் வாதாடவில்லை, பணம் இல்லாமல் ஒரு கிளப்பை எத்தனை நாள் ஓட்டுவது என்பதும் புரிகிறது. ஆனால் ஜெயித்தும் மேலே போக வழி இல்லை என்றால் யார்தான் பணம் போடுவார்கள்? கன்னியாகுமரி கடலோரத்திலும் வியாசர்பாடியிலும் சிவகங்கைப் பக்கத்திலும் இருந்து நம் பிள்ளைகள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். நந்தகுமார் கொல்கத்தாவில் ஆடிப் பெயர் வாங்கினார், சிவசக்தி பெங்களூருவில். சென்னையினுக்கு அடுத்து இன்னொரு பெரிய அணி இந்த மாநிலத்தில் இருந்திருந்தால் இவர்களில் பாதிப் பேரை நாம் சனிக்கிழமை சாயங்காலம் கேலரியில் உட்கார்ந்தே பார்த்திருப்போம்.

ஐஎஸ்எல்லையே புதிதாக யார் நடத்துவது, எப்படி நடத்துவது என்று பேசிக்கொண்டிருக்கும் நேரம் இது. கீழே இறங்குவதையும் மேலே ஏறுவதையும் கறாராக விதியில் எழுதி வையுங்கள் என்று அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்திடம் இப்போது கேட்காவிட்டால் எப்போது கேட்பது? உங்கள் பத்திரிகை அதை எழுத வேண்டும், தலையங்கத்திலேயே எழுத வேண்டும். மாநிலக் கால்பந்துச் சங்கத்திடமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடமும் ஒரு கேள்வி கேளுங்கள், ஆசியப் போட்டி ஒன்று வந்தால் நேரு ஸ்டேடியத்தில் நடத்துவதற்கு என்னென்ன செய்ய வேண்டும், அதில் எது இன்னும் பாக்கி என்று. அப்புறம் எட்வினையும் ரொமாரியோவையும் அஜித்தையும் பாண்டியனையும் உங்கள் நிருபர் போய்ப் பார்த்து, அந்த சீசனை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி ஒரு முழுப் பக்கம் போடுங்கள். 2018 என்று வந்த அந்த வரிக்கு ஒரு திருத்தமும் வேண்டும்.

இப்படிக்கு,
கோவை வாசகர் ஒருவர்