நிருபமாவின் பெயர் விடுபடலாகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இந்தியப் பெண்கள் டென்னிஸ் குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சானியா மிர்சாவின் சாதனைகளை விரிவாகச் சொல்லியிருந்தது மகிழ்ச்சி அளித்தது. அவை எவ்வளவு எழுதினாலும் தகும். ஆனால், 2005-ல் ஆஸ்திரேலிய ஓபனில் அவர் மூன்றாம் சுற்றுக்கு முன்னேறியதோடுதான் வரலாறே தொடங்குகிறது என்பதுபோல் அந்தக் கட்டுரை அமைந்திருந்ததும், கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதனின் பெயர் அதில் ஓரிடத்தில்கூட இல்லாததும் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தன.

ஆஸ்திரேலிய ஓபன் நடக்கும் அதே மெல்போர்னில், அதற்கு 7 ஆண்டுகள் முன்பு, 1998 ஜனவரியில், இத்தாலியின் குளோரியா பிட்சிக்கினியை ஒற்றையர் முதல் சுற்றில் வென்றவர் நிருபமா. அப்போது அவருக்கு வயது 21. இந்த வெற்றியைக் குறிப்பிடும் சிலரும் 'கிராண்ட் ஸ்லாம் போட்டியில் வென்ற முதல் இந்தியப் பெண்' என்று மொட்டையாக எழுதிவிடுகிறார்கள். (ஆஸ்திரேலிய ஓபன், விம்பிள்டன் உள்ளிட்ட நான்கு பெரும் டென்னிஸ் போட்டிகளையே கிராண்ட் ஸ்லாம் என்பார்கள்.) அதுவும் சரியன்று. 1934-லேயே விம்பிள்டனில் ஒரு சுற்று வென்றவர் லீலா ராவ். சமஸ்கிருத எழுத்தாளர் பண்டித க்ஷமா ராவின் மகள். தொழில்முறை ஆட்டக்காரர்களையும் அனுமதித்து 1968-ல் தொடங்கிய 'ஓபன்' காலத்தில், கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில், தகுதிச் சுற்றுகளுக்குப் பின் நடக்கும் பிரதான சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் நிருபமா வைத்தியநாதன் என்பதே முறையான குறிப்பு. 1971-ல் விம்பிள்டன் கலப்பு இரட்டையரில் ஆனந்த் அமிர்தராஜுடன் ஆடிய நிருபமா மன்கட் வேறொருவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவராக்கிப் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன்.

அந்த ஜனவரியில் நான் கோவையில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு சிமெண்ட் தளம். அதிலும் பூப்பந்துதான் ஆடுவோம். விளையாட்டுப் பக்கத்தின் கீழ்மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்த அந்தச் செய்தியைக் கத்தரித்து அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துவிட்டு, "மிஸ், இவங்க நம்ம ஊரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நம்பாமல் மறுபடியும் கேட்டாள்.

அவள் நம்பாததில் வியப்பில்லை. உலகத் தரவரிசையில் நிருபமா எட்டிய உயர்ந்த இடம் 134. இந்த எண்ணைப் பார்த்துச் சிலர் உதட்டைப் பிதுக்குவதுண்டு. கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் 128 பேருக்குத்தான் இடம். அதில் பெரும்பகுதி தரவரிசைப்படியே நிரம்பிவிடும். அந்த வரம்புக்குச் சற்று வெளியே நிற்பவர், பெரிய போட்டிகளில் தகுதிச் சுற்றுகளில் மோதித்தான் பெரும்பாலும் உள்ளே வர முடியும். விமானச் செலவு, தங்கும் செலவு, பயிற்சியாளர் செலவு எல்லாம் அவர் தலையில்தான் விழும். தந்தையிடம் டென்னிஸ் கற்ற ஒரு பெண், வழிகாட்ட முன்னோடிகள் மிகக் குறைவாக இருந்த காலத்தில், இந்தச் சுற்றுப்பயண வாழ்க்கையைத் தாக்குப்பிடித்து அந்த இடத்துக்கு வந்தார் என்பதை அறிந்தவர்களுக்கு 134 சிறிய எண்ணாகத் தோன்றாது.

அதே 1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகேஷ் பூபதியுடன் சேர்ந்து கலப்பு இரட்டையரில் வெண்கலம் வென்றார். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்ஹோத்ராவுடன் இரட்டையர் ஆடினார். பிறகு திருமணமாகி அமெரிக்காவில் குடியேறிய அவர், 30 வயதைக் கடந்தபின் மீண்டும் மட்டையை எடுத்து, 2010 தில்லி காமன்வெல்த் போட்டிக்கான இந்திய அணியில் நிருபமா சஞ்சீவ் என்ற பெயரில் இடம்பெற்றார். அந்த அணியில் சானியாவும் இருந்தார். இருவரையும் ஒரே அணியில் கண்ட அந்த நாட்களையாவது தங்கள் கட்டுரையாளர் நினைவுகூர்ந்திருக்கலாம்.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உள்ளன. அந்தக் கட்டுரையின் விடுபடலை, ஆண்டும் எதிராளியின் பெயரும் உட்பட, ஒரு திருத்தமாகவேனும் வெளியிட வேண்டும். அடுத்தது, அவர் தம் விளையாட்டு வாழ்க்கையை ஆங்கிலத்தில் நூலாக எழுதியிருக்கிறார். ஆயினும் ஆங்கில நூல் கைக்கு எட்டாத நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக, அவரிடம் தமிழில் விரிவான நேர்காணல் ஒன்றை எடுத்துத் தங்கள் இணைப்பில் முழுப் பக்கமாக வெளியிட வேண்டும். அது வெளிவரும் நாளில் பத்துப் படிகள் வாங்கி, நான் பணியாற்றிய பள்ளியில் கொடுத்துவிட்டு வருவேன். அந்த அறிவிப்புப் பலகை இன்னும் அங்கே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
கோயம்புத்தூர்.