லேபர் கட்சியோட முழுக் கதையையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியா பத்தி உங்க பேப்பர்ல போன வாரம் வந்த கட்டுரைய படிச்சேன். வெள்ளைக்காரங்க மட்டும்தான் குடியேறலாம்ங்கற கொள்கைய 1973ல அப்ப பிரதமரா இருந்த விட்லமோட லேபர் கட்சி ஆட்சி தூக்கிப் போட்டுச்சு, அதனாலதான் இன்னைக்கு நம்ம பசங்க அங்க போய் படிக்க முடியுதுன்னு எழுதியிருந்தீங்க. உண்மைதான். ஆனா அந்தக் கதவ இழுத்து சாத்துனதுலயும் அதே கட்சிக்கு பெரிய பங்கு உண்டு, அதப் பத்தி ஒரு வரி கூட இல்ல. நான் மெல்போர்ன்ல இருக்கேன், சிட்டிசன் ஆன நாள்லருந்து லேபருக்குத்தான் ஓட்டு போடறேன், அதனாலயே இத நான் சொல்லணும்னு தோணுது.

1901ல ஆஸ்திரேலியா ஒரே நாடாச்சு, அந்த வருசமே குடியேற்றத்த தடுக்க சட்டம் போட்டாங்க. கப்பல்லருந்து இறங்குறவங்ககிட்ட அதிகாரி ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழில 50 வார்த்தை வாசிப்பாரு, கேட்டு எழுதணும். இங்கிலீஷ் தெரிஞ்சவன் வந்தா வேற மொழில வாசிக்கலாம், ஆள தோக்கடிக்கத்தானே அந்தப் பரீட்சையே. 1909க்கு அப்புறம் ஒருத்தர் கூட பாஸ் பண்ணல. அந்த சட்டத்த கொண்டு வந்தது லேபர் இல்ல, அப்ப ஆட்சில வேற கட்சி. ஆனா லேபர் தலைவர் கிறிஸ் வாட்சனுக்கு அது கூட பத்தல, ஆசியாக்காரன் ஆப்பிரிக்காக்காரன் வரக்கூடாதுன்னு சட்டத்துலயே நேரடியா எழுதச் சொல்லி திருத்தம் கொண்டு வந்தாரு, கொஞ்ச ஓட்டு வித்தியாசத்துல அது தோத்துச்சு. தோத்ததுக்கு மனிதாபிமானம் காரணமில்ல, ஜப்பான் கோச்சுக்கும், பிரிட்டிஷ் பிரஜைங்களா இருந்த இந்தியருங்களுக்கு அவமானமாப் போகும்னு லண்டன்லருந்து வந்த அழுத்தம்தான். அந்த வாட்சன்தான் 1904ல லேபரோட முதல் பிரதமர். 1905 மாநாட்டுல இனத் தூய்மைய காப்பாத்தறதுன்னு கட்சியோட லட்சியத்துலயே எழுதி வச்சுக்கிட்டாங்க.

எனக்கு ரொம்ப வலிச்சது 1912 சட்டம். பிரதமர் ஃபிஷரோட லேபர் ஆட்சி, பிரசவம் ஆகற ஒவ்வொரு தாய்க்கும் 5 பவுண்டு குடுத்துச்சு, கல்யாணம் ஆகாத தாய்க்கும் உண்டு, அந்தக் காலத்துக்கு எவ்ளோ பெரிய விஷயம். ஆனா ஆசியப் பெண்ணுக்கு கிடையாது, பசிபிக் தீவுப் பெண்ணுக்கு கிடையாது, அந்த மண்ணோட சொந்தக்காரியான பழங்குடிப் பெண்ணுக்கும் கிடையாது. ஏழைக்காக போட்ட சட்டத்துலயே உக்காந்து பொறுமையா பேர் பேரா எழுதி ஒதுக்கி வச்சிருக்காங்க.

எதுக்கு இப்படி செஞ்சாங்கன்னா, கூலிதான் அவங்க சொன்ன முக்கியமான காரணம். குயின்ஸ்லாந்து கரும்புத் தோட்டத்துக்கு முதலாளிங்க பசிபிக் தீவுக்காரங்கள ஏமாத்தியும் புடிச்சும் கொண்டு வந்து அடிமாட்டுக் கூலிக்கு வேலை வாங்குனாங்க, அதனால எங்க கூலி கெடுதுன்னு தொழிற்சங்கத்துக்காரங்க பயந்தாங்க. பயம் நியாயமானதுதான். ஆனா அந்த தீவுக்காரனயும் சங்கத்துல சேத்து அதே கூலிய கேட்டு வாங்கியிருக்கலாம்ல? அத விட்டுட்டு அவன கப்பல் ஏத்தி அனுப்பற சட்டத்துக்கு கை தூக்குனாங்க. அதுலயும் வாட்சனே பார்லிமெண்ட்ல பேசுறப்ப கூலிய விட ரத்தக் கலப்புதான் தனக்கு பெரிய கவலைன்னு ஒளிவுமறைவில்லாம சொன்னாரு.

அப்புறம் லேபர் கட்சி ஆர்தர் கால்வெல், நாட்டோட முதல் குடியேற்ற அமைச்சர், 1945லருந்து 1949 வரைக்கும். போர்ல வீடிழந்த ஐரோப்பியங்கள லட்சக்கணக்குல கூட்டிட்டு வந்து குடியேத்துன மனுசன், அதே கையால ஆசிய அகதிகள வெளிய அனுப்பத் துடிச்சாரு. இந்தோனேசியாலருந்து போருக்கு தப்பி வந்து அங்கயே ஒரு ஆஸ்திரேலியர கல்யாணம் பண்ணிக்கிட்ட ஆனி ஓகீஃப்ங்கற எட்டு பிள்ளைங்களோட தாய நாடு கடத்தப் பாத்தாரு, 1949ல ஹைகோர்ட்டு அந்தம்மா பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, உடனே தீர்ப்ப ஒண்ணுமில்லாம ஆக்க புதுசா ஒரு சட்டமே போட்டாரு. வாங்ங்கற சீனக் குடும்பப் பேர வச்சு, ரெண்டு வாங் சேந்தாலும் ஒரு வெள்ளையன் ஆக முடியாதுன்னு அர்த்தம் வர்ற மாதிரி 1947ல பார்லிமெண்ட்ல பேசுனதும் இவர்தான். எதிர்க்கட்சில ஒயிட்னு ஒருத்தர் இருந்தாரு, அவர் பேர வச்சு விளையாட்டா சொன்னேன்னு பின்னாடி விளக்கம் குடுத்தாரு. இன்னைக்கு அதே கட்சில மலேசியால பிறந்த பென்னி வாங் வெளியுறவு அமைச்சர், அந்தப் பேர கேக்கறப்பல்லாம் எனக்கு இது ஞாபகம் வந்துரும்.

கட்சிக்குள்ளயே டான் டன்ஸ்டன் மாதிரி ஆளுங்க வருசக்கணக்கா சண்டை போட்டு 1965லதான் கட்சிக் கொள்கைலருந்து வெள்ளை ஆஸ்திரேலியாங்கற வரிய எடுக்க வச்சாங்க, அவங்கள நான் கும்பிடறேன். ஆனா அதோட எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல முடியல. விசா இல்லாம படகுல வர்றவங்கள கட்டாயம் அடைச்சு வைக்கற சட்டம் 1992ல லேபர் ஆட்சி போட்டது. படகுல வந்தா ஒருநாளும் ஆஸ்திரேலியால குடியேற முடியாதுன்னு 2013ல அறிவிச்சவரும் லேபர் பிரதமர்தான், அந்தக் காலத்துல வந்த படகுங்கள்ல ஈழத்துலருந்து வந்த நம்மாளுங்க எத்தனை பேரு.

இன்னொன்னும் சொல்லணும். மெல்போர்ன் புறநகரான டாண்டினாங்ல எங்களோட வேலை பாக்குற நம்மூர்க்காரர் ஒருத்தர், ஸ்டூடண்ட் விசால வர்ற பசங்க கம்மி சம்பளத்துக்கு ஒத்துக்கிட்டு நம்ம பொழப்ப கெடுக்கறானுங்க, அவனுங்கள நிறுத்தணும்னு சொல்றாரு. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, கூலி பேர சொல்லி 1901ல பேசுனாங்களே, அதே பேச்சு நம்ம வாய்லருந்து வருது.

அடுத்த தடவ விட்லம் படத்த போட்டா பக்கத்துல கால்வெல் படத்தையும் போடுங்க சார். கால்வெல் கையிலருந்துதான் 1967ல விட்லம் கட்சித் தலைமைய வாங்குனாரு.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகர்,
மெல்போர்ன்