பாலைவனம் காலி மனையல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான ராஜஸ்தான் பயணக் கட்டுரையை ஜோத்பூரிலிருந்து படித்தேன். ஜெய்சால்மர் கோட்டை, ஒட்டகச் சவாரி, மணல்மேட்டுக்குப் பின்னே இறங்கும் சூரியன் என்று எழுதப்பட்டிருந்தவற்றில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், இப்படிப்பட்ட வறண்ட பூமியில் இந்த மக்கள் எப்படித்தான் காலந்தள்ளுகிறார்களோ என்று கட்டுரையாளர் இரக்கப்பட்டிருந்தார். மத்திய அரசுப் பணியின் பொருட்டு இங்கு வந்து, ஓய்வு பெற்ற பின்னும் ஊர் திரும்பாமல் தங்கிவிட்டவன் என்ற முறையில் அந்த இரக்கத்தைப் பற்றிச் சில செய்திகள் சொல்ல விரும்புகிறேன். இங்கே வாழ்பவர்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பது, மூன்று நாள் வந்து போகிறவர்கள் ஊகிப்பதற்குப் பெரும்பாலும் நேர்மாறாகவே இருக்கிறது.

வெயிலிலிருந்தே தொடங்குகிறேன். 2016 மே 19 அன்று ஜோத்பூருக்கு வடக்கே உள்ள பலோடியில் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. சூரூ நகரில் கோடையில் 50 டிகிரியைத் தாண்டுவதும், அதே ஊரில் ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே போவதும் அங்குள்ளவர்களுக்குப் புதுமையல்ல. மே மாதத்து நண்பகலில் 'லூ' என்னும் அனல் காற்று வீசும்போது கடைவீதி ஓய்ந்துவிடும். வேலையெல்லாம் விடியற்காலையிலும் மாலையிலும்தான் நடக்கும். இருந்தும் வெயிலைக் குறைசொல்லிப் புலம்பும் உள்ளூர்க்காரரைக் காண்பது அரிது. காற்றில் ஈரம் இல்லாததால் உடம்பில் பிசுபிசுப்பு இல்லை; சென்னையின் மே மாதத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அந்த அவதி இங்கே கிடையாது. சூரியன் மறைந்ததும் மணல் விரைவில் குளிர்ந்துவிடும். கிராமங்களில் இன்றும் முற்றத்திலும் மொட்டைமாடியிலும் கயிற்றுக்கட்டிலைப் போட்டு உறங்குகிறார்கள். ஜெய்சால்மர் மாவட்டம் பரப்பில் ஏறத்தாழ கேரளத்துக்குச் சமமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 17 பேர்தான். தமிழ்நாட்டில் அதே கணக்கு 555. அந்த விசாலமும், இரவின் அமைதியும், ஊரைவிட்டு வெளியே வந்தால் வானம் முழுக்கத் தெரியும் நட்சத்திரங்களும், மற்ற ஊர்களுக்கு மாற்றலாகிப் போனவர்கள் முதலில் ஏங்குகிற விஷயங்கள். வெயிலைப் பற்றிய புகார் என்று ஒன்று உண்டென்றால், அது அந்த வெயிலில் மின்சாரம் போவதைப் பற்றியதுதான்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்தது, தண்ணீரை இவர்கள் நடத்தும் விதம். ஷேர்கட் பக்கத்தில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு வெளியே 'டாங்கா' என்னும் நிலத்தடித் தொட்டி ஒன்று இருக்கிறது. தரைமட்டத்தில் பார்த்தால் வட்டமாகப் பூசப்பட்ட மேடையும் அதன் நடுவே ஓர் இரும்பு மூடியும்தான் தெரியும். அதைச் சுற்றி நாலாபுறமும் தரையைச் சரிவாக வெட்டி, கெட்டித்து, 'ஆகோர்' என்னும் நீர்ப்பிடிப்புத் தளமாக வைத்திருக்கிறார்கள். மழைநீர் அந்தச் சரிவில் ஓடிவந்து, கம்பிவலை பொருத்திய துளைகள் வழியாக உள்ளே இறங்கும். பாம்பும் எலியும் நுழையாமல் இருக்கத்தான் அந்த வலை. இப்படிப்பட்ட தொட்டிகள் இருபது, முப்பதாயிரம் லிட்டர் கொள்ளும். பருவமழைக்கு முன்னே ஆகோர் முழுவதையும் பெருக்கித் துடைத்து வைப்பார்கள். அதற்குப் பிறகு யாரும் அதன்மேல் செருப்புக் காலோடு நடக்கக் கூடாது, ஆடுமாடு ஏறக் கூடாது. மூடிக்குப் பூட்டு உண்டு. சாவி வீட்டுப் பெரியவளான பாட்டியிடம் இருக்கும். வீட்டு நகைப்பெட்டி மருமகளிடம் போய்ச் சேர்ந்த பிறகும் டாங்காவின் சாவியை அவர் கொடுக்கவில்லை என்று அந்த வீட்டு மகன் சிரித்துக்கொண்டே சொன்னார். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் நீட்டுகிற இந்த ஊர்ப் பண்பாட்டை விருந்தோம்பல் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. மழை மிகக் குறைவாகவே பெய்யும் இடத்தில் அந்தச் செம்புத் தண்ணீருக்குப் பின்னால் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்பது நமக்குத் தெரிய வேண்டும். ஜெய்சால்மர் பக்கத்துப் பாலிவால் அந்தணர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே 'கடீன்' என்ற முறையை வகுத்தார்கள். பாறைச் சரிவில் வழிந்தோடும் மழைநீரை நீளமான மண்கரை கட்டித் தடுத்து, அது ஊறி வற்றிய நிலத்தில் குளிர்காலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவிக்கும் முறை அது. பாலைவனத்தில், பாசனக் கால்வாய் ஏதுமின்றி, கோதுமை!

அடுத்தது மரம். ராஜஸ்தானின் மாநில மரமான கேஜ்ரி வேறொன்றும் இல்லை, நம் சிவாலயங்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான். நம்மூரில் கோயிலில் சுற்றிவந்து கும்பிடும் மரத்தை இங்கே கம்பங்கொல்லையின் நடுவிலேயே பார்க்கலாம். அதன் நிழலடியில் விளையும் கம்பு மற்ற இடத்தைவிடச் செழிப்பாக இருக்கும் என்பதால் உழவர்கள் அதை வெட்டுவதில்லை. குளிர்காலத்தில் கிளை கழித்து எடுக்கும் இலை, ஆடுகளுக்கும் ஒட்டகங்களுக்கும் தீவனம். கோடையில் பறிக்கும் பிஞ்சுக் காய்தான் 'சாங்கரி'. அதை வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, நம் வீட்டு வற்றலைப் போல ஆண்டு முழுக்க வைத்துக்கொள்வார்கள். வேறு ஒன்றும் விளையாத பஞ்ச காலத்திலும் கைவிடாத அந்தக் காய் இன்று நகரக் கடைகளில் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்கிறது. கம்பு மாவை மோரில் புளிக்கவைத்துக் காய்ச்சும் 'ராப்' என்ற கூழை முதன்முதலாகக் குடித்தபோது எனக்கு அது சொந்த ஊர்ச் சாப்பாடாகவே இருந்தது. இந்த மரத்துக்காக 1730ஆம் ஆண்டில் ஜோத்பூருக்கு அருகில் கேஜட்லி கிராமத்தில், அம்ருதா தேவி என்ற பெண்மணி தொடங்கி, பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த 363 பேர் உயிர் கொடுத்தார்கள். அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வெட்ட வந்த மன்னனின் ஆட்களைத் தடுக்க, மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் அவர்கள்.

இனிப் பிடிக்காதவற்றுக்கு வருகிறேன். தூரம் ஒரு கஷ்டம். எல்லைப்புறக் கிராமத்தில் ஒரு பிரசவம் சிக்கலானால், நல்ல மருத்துவமனைக்கு வந்துசேரப் பாதி நாள் ஓடிவிடும். ஜோத்பூரில் எய்ம்ஸ் வந்த பிறகு நகரத்தாருக்குக் கவலை குறைந்தது. ஜெய்சால்மருக்கு அப்பால் சாம் கிராமப் பக்கத்தில் இருப்பவருக்கு அவ்வளவாகக் குறையவில்லை. நாகௌர் போன்ற இடங்களில் நிலத்தடி நீரில் உள்ள ஃப்ளோரைடு ஒரு தலைமுறையின் பல்லையும் எலும்பையும் கெடுத்திருக்கிறது. ஜோத்பூரின் சிவந்த கல்லை அழகு என்று படம் எடுப்பவர்கள், அதை வெட்டியெடுக்கும் தொழிலாளரின் நுரையீரலில் சேரும் சிலிக்காத் தூசியைப் படம் எடுப்பதில்லை.

இவற்றையெல்லாம்விடச் சிக்கலானது கால்வாய்த் தண்ணீர். சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகேயிலிருந்து புறப்பட்டு 649 கிலோமீட்டர் ஓடிவரும் இந்திரா காந்தி கால்வாய்க்கு 1958இல் அடிக்கல் நாட்டினார்கள். அது வராமல் இருந்திருந்தால் கங்காநகர், பிகானேர், ஜெய்சால்மர் மாவட்டங்களின் இன்றைய வாழ்வே இல்லை என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஆண்டுதோறும் கோடை தொடங்கும் நேரத்தில் பராமரிப்புக்காகக் கால்வாயை அடைத்துவிடுவார்கள். 'நஹர்பந்தி' என்று பெயர். அந்த வாரங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் குழாய்த் தண்ணீர், அதுவும் கலங்கலாக. லூதியானாவின் ஆலைக் கழிவு ஆற்றில் கலந்து கால்வாய் வழியே கறுப்பாக வந்துசேர்வதை எதிர்த்துக் கங்காநகர், ஹனுமான்கட் மக்கள் பலமுறை தெருவில் இறங்கியிருக்கிறார்கள். கண்மண் தெரியாமல் பாய்ச்சிய பாசனத்தால் சூரத்கட் சுற்றுவட்டாரத்தில் நல்ல நிலம் நீர் தேங்கி உப்புப் பூத்துப் போனது. அதை 'சேம்' என்கிறார்கள். ஜோத்பூரிலோ, கால்வாய்த் தண்ணீர் வந்த பிறகு பழைய கிணறுகளையும் குளங்களையும் எவரும் தொடாமல் விட்டதால் நிலத்தடி நீர் மேலேறி, பழைய நகரின் கட்டடங்களில் அடித்தளத்துக்குள் ஊற்றெடுக்கிறது. பாலைவனத்தின் நடுவில், மோட்டார் வைத்து அந்தத் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டுகிறார்கள். 2006 ஆகஸ்டில் பார்மேரில் சில நாள்களுக்குள் பல ஆண்டு மழை கொட்டித் தீர்த்தபோது, கவாஸ் கிராமத்தில் மண்ணுக்கடியில் இருந்த ஜிப்சம் படிவம் நீரை இறங்கவிடாததால், வெள்ளம் மாதக்கணக்கில் வடியாமல் நின்றது. அந்த வெள்ளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

ஆனால் இன்று கிராமத்தார் ஒன்றுகூடும் இடத்திலெல்லாம் பேசப்படும் மனக்குறை வேறு. பலோடியை அடுத்த பட்லாவில், ஏறத்தாழ 14,000 ஏக்கரில், 2,245 மெகாவாட் திறன்கொண்ட சூரிய மின் பூங்கா நிற்கிறது. சூரிய மின்சாரத்தை நான் எதிர்ப்பவன் அல்லன். நிலக்கரிப் புகையைவிட அது எவ்வளவோ மேல். என் வீட்டு மாடியிலும் தகடுகள் உண்டு. கேள்வி, அதை எங்கே வைப்பது என்பதுதான். மாநிலத் தலைநகரிலும் டெல்லியிலும் அமர்ந்து வரைபடம் பார்ப்பவர்களுக்கு மேற்கு ராஜஸ்தான் ஆளில்லாத வெற்றிடமாகத் தெரிகிறது. வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தில், தலைமுறை தலைமுறையாக ஊர்ப் பொதுவில் ஆடும் ஒட்டகமும் மேய்கின்றன. தெய்வத்தின் பெயரால் கோடரி படாமல் காக்கப்படும் 'ஓரண்' காடுகள் அதில்தான் இருக்கின்றன. நம் ஐயனார் கோயில் காடுகளை அறிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. நிலத்தைக் குத்தகைக்கு விட்ட நில உடைமையாளருக்கு வாடகை வருகிறது. மேய்ச்சல் நிலத்தை மட்டுமே நம்பியிருந்தவருக்கு, தகடு துடைக்கும் வேலையோ காவலாளி வேலையோ கிடைத்தால் உண்டு.

இந்தப் பூங்காக்களுக்காக வெட்டப்படும் கேஜ்ரி மரங்களைக் காக்க பிகானேர் பகுதியில் மக்கள் நீண்ட போராட்டங்களை நடத்தியிருக்கிறார்கள். 363 பேர் உயிர்கொடுத்த மரம், அதை வெட்டுபவருக்கு 1955ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டம் வகுத்த அபராதம் நூறு ரூபாய் அளவில்தான் தொடங்கியது என்றால், போராடுகிறவர்களின் கோபம் யாருக்கும் புரியும். ஒன்றுக்குப் பத்துக் கன்று நடுகிறோம் என்ற பதிலும் இங்கே எடுபடுவதில்லை. ஒரு கேஜ்ரி நிழலும் காயும் தருகிற அளவுக்கு வளர எத்தனை ஆண்டு ஆகும் என்பது இங்குள்ள எந்தச் சிறுவனுக்கும் தெரியும். மாநிலப் பறவையான கானமயிலின் கதையும் இதோடு சேர்ந்தது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்த இந்தப் பறவை இன்று நாடு முழுவதும் சேர்த்து இயற்கைச் சூழலில் ஏறத்தாழ நூற்றைம்பது அளவிலேயே எஞ்சியிருக்கிறது. அதில் பெரும்பங்கு ஜெய்சால்மர் புல்வெளிகளில் வாழ்கிறது. கனத்த உடல், நேரெதிரே உள்ள கம்பி அதன் கண்ணுக்குச் சரியாகப் படாது, மின்கம்பியில் மோதிச் சாகிறது. கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொல்லி 2021இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, செலவையும் நடைமுறைச் சிரமத்தையும் காட்டி அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் 2024 மார்ச்சில் தளர்த்தப்பட்டது.

இதில் நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு என்பதாலும்தான் இக்கடிதத்தைத் தமிழ் நாளிதழுக்கு எழுதுகிறேன். நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடுகள் அழிக்கப்படுவதை எதிர்த்து 1995இல் தொடரப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில்தான், 2024 டிசம்பரில், ராஜஸ்தானின் ஓரண்களை அளந்து வனமாக அறிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஓரண்களுக்காகப் பல நாள் நடைப்பயணம் போன ஜெய்சால்மர்க் கிராமத்தாரில் பலர் கூடலூர் என்ற பெயரைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. அந்த அளவைப் பணி எந்த வேகத்தில் நடக்கிறது என்பதை எந்தச் சுற்றுலாக் கட்டுரையும் சொல்லப்போவதில்லை. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தபோதும், 'அங்கே சீமைக் கருவேலத்தைத் தவிர என்ன இருக்கிறது' என்று படித்தவர்களே கேட்டார்கள். அதே சீமைக் கருவேலம் இங்கும் 'விலாயதி பபூல்' என்ற பெயரில் மேய்ச்சல் நிலத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதுவும் பாலைவனத்தைப் பசுமையாக்குகிறோம் என்று மேலிருந்து எடுத்த ஒரு முடிவின் விளைவுதான்.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் செய்தியாளர் ஒருவரை அடுத்த முறை இங்கே அனுப்பும்போது, நவம்பர் மாதத்துக்குப் பதிலாக நஹர்பந்தி நடக்கும் ஏப்ரலில் அனுப்புங்கள். மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரின் பகத் கி கோட்டி நிலையத்துக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. கோட்டையைப் பார்த்துவிட்டு, பட்லாவையும் ஏதேனும் ஓர் ஓரணையும் அவர் ஒரே நாளில் பார்க்கட்டும். ஓரண்களில் எத்தனை இதுவரை வனமாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன, எஞ்சியவற்றில் எந்தெந்த நிறுவனங்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளை ஜெய்சால்மர் மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டு, கிடைக்கும் பதிலைத் தங்கள் நாளிதழில் அப்படியே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஜோத்பூர், ராஜஸ்தான்.