மூன்று முறை கேஸ் நிரப்பியும் குளிராத கார் ஏ.சி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கசிவைப் பார்க்காமல் திரும்பத் திரும்ப கேஸ் நிரப்பியது தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

உங்கள் சர்வீஸ் சென்டரில் ஐந்து மாதத்தில் மூன்று முறை என் காருக்கு ஏ.சி. கேஸ் நிரப்பினார்கள். மூன்று ஜாப் கார்டிலும் ஒரே வரிதான்: "கேஸ் குறைவு, நிரப்பப்பட்டது." ஏன் குறைந்தது என்று எதிலும் எழுதவில்லை. இப்போது மறுபடியும் வெறும் காற்றுதான் வருகிறது.

ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதல்ல. கம்ப்ரஸர் அதை அழுத்தி அனுப்புகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் சூட்டை இறக்கித் திரவமாகிறது. டாஷ்போர்டுக்குள் கூலிங் காயிலில் ஆவியாகி, உள்ளே இருக்கும் வெப்பத்தை வாங்கிக்கொண்டு கம்ப்ரஸருக்கே திரும்புகிறது. மூடிய குழாய்க்குள் நடக்கும் சுற்று இது. ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கசிவது இயல்பு என்றார் உங்கள் அட்வைசர். சரி, ஆனால் அதற்கு வருடக்கணக்கு ஆகும். ஏழெட்டு வாரத்தில் காலியாகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

முதல் முறை கேபின் ஃபில்டரையும் மாற்றினார்கள். அது அடைத்திருந்தால் காற்றின் வேகம் குறைந்திருக்கும். எனக்குக் காற்று நன்றாகவே வந்தது, குளிர்ச்சிதான் இல்லை.

மூன்றாம் முறை நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. கம்ப்ரஸர் ஓடவில்லை, புதிது போட வேண்டும் என்று ஒரு மதிப்பீட்டை நீட்டினார்கள். கேஸ் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை ஓட விடாது. கேஸோடு சேர்ந்து சுற்றும் எண்ணெய்தான் அதற்கு மசகு. கேஸ் போதாமல் ஓடினால் கம்ப்ரஸர் கெட்டுப்போகும் என்பதற்கான ஏற்பாடுதான் அந்த சுவிட்ச். கேஸ் நிரப்பிய உடனே அதே கம்ப்ரஸர் ஓடியதே! அதை ஏன் மாற்ற வேண்டும்?

கண்டென்சரின் கீழ் மூலையில், குழாய் சேரும் இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கில் தூசி படிந்திருந்தது. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும் என்பதால் அதை உங்கள் மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் துணியால் துடைத்துவிட்டு வண்டியைக் கழுவ அனுப்பினார். துடைப்பதற்கு முன் எடுத்த போட்டோவை இணைத்திருக்கிறேன்.

என் காரில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். வெளியேறினால் கரியமில வாயுவைவிட 1,000 மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கக்கூடியது. மூன்று முறை நீங்கள் நிரப்பியதும் வெளிக்காற்றில்தான் போயிருக்கிறது.

ஆகவே நைட்ரஜன் அழுத்தம் கொடுத்தோ, சாயம் செலுத்திப் புறஊதா விளக்கில் பார்த்தோ கசிவைக் கண்டுபிடியுங்கள். கண்டென்சர்தான் காரணம் என்றால் வாரண்டியில் மாற்றித் தாருங்கள். வாரண்டிக் காலம் இன்னும் முடியவில்லை. பிறகு வாக்குவம் எடுத்து (குழாய்க்குள் இருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சி வெளியேற்றி), பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுப்படி எடைபோட்டு நிரப்புங்கள். கண்மதிப்பில் கூடுதலாக ஏற்றினாலும் குளிர்ச்சி குறையும். எத்தனை கிராம் மிச்சம் இருந்தது, எத்தனை கிராம் ஏற்றினீர்கள் என்பது ஜாப் கார்டில் இருக்க வேண்டும். கடைசி இரண்டு முறை வாங்கிய தொகையைத் திருப்பித் தாருங்கள். கம்ப்ரஸர் மதிப்பீட்டை எழுத்து மூலம் ரத்து செய்யுங்கள்.

15 நாளுக்குள் ஒரு தேதி சொல்லுங்கள், வண்டியைக் கொண்டுவருகிறேன். சோதனை முடியும்வரை நான் பக்கத்திலேயே நிற்பேன், அதற்கும் அனுமதி வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: மூன்று ஜாப் கார்டுகளின் நகல், கண்டென்சர் போட்டோ, கம்ப்ரஸர் மதிப்பீடு