கேசட் வழியே பிழைத்த பங்க்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் ராக் இசைக் கட்டுரையில், யுகோஸ்லாவியா என்ற நாடு 1990களில் போரில் பல நாடுகளாகச் சிதறியதோடு, அங்கிருந்த பங்க் இசையும் (வேகமும் கலகமும் நிறைந்த ராக் வகை) முடிந்துவிட்டது என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டார் கட்டுரையாளர். நாடு முடிந்தது உண்மை. இசைக்கு அவர் சற்று அவசரப்பட்டே இரங்கல் எழுதிவிட்டார்.

நான் சரக்குக் கப்பலில் பொறியாளராக இருந்தவன். 2014இல் எங்கள் கப்பல், அதிலிருந்து பிரிந்த ஸ்லோவேனியாவின் கோபர் துறைமுகத்தில் நின்றபோது, பஸ் பிடித்துத் தலைநகர் லியுப்லியானாவுக்குப் போனேன். அங்கே மெட்டெல்கோவா என்று ஓர் இடம். யுகோஸ்லாவிய ராணுவம் காலி செய்துவிட்டுப் போன பாசறை. 1993 செப்டம்பரில் அதை இடிக்கத் தொடங்கியபோது கலைஞர்களும் இளைஞர்களும் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். அதிகாரிகள் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திப் பார்த்தார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை. சிப்பாய்கள் தங்கிய கட்டடங்களில் இன்றும் பங்க் கச்சேரி நடக்கிறது.

அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி எனக்கு ஒரு கேசட்டைக் காட்டினார். நாட்டுப்புறச் சேர்ந்திசைக்காக அச்சிடப்பட்ட கேசட் அது. பாட்டு அழியாமலிருக்க மேல்விளிம்பில் உடைத்து வைத்திருந்த சின்னத் துளையை செல்லோடேப் ஒட்டி அடைத்து, அதன் மேலேயே பங்க் பதிந்திருந்தார்கள். நம் வீடுகளிலும் பக்திப் பாடல் கேசட்டுகளுக்கு நேர்ந்த கதிதான். செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் பதிந்தது, ஹங்கேரி வழியாகக் குரோஷியத் தலைநகர் ஸாக்ரெபுக்குப் போய், அங்கிருந்து தன்னிடம் வந்தது என்றார். பெல்கிரேடுக்கும் ஸாக்ரெபுக்கும் இடையே சுமார் 400 கிலோமீட்டர்தான். ஆனால் 1991இல் போர் மூண்டதும் தொலைபேசி இணைப்பையே துண்டித்துவிட்டார்கள், நெடுஞ்சாலையும் அடைபட்டது. கேசட்டுக்கு மட்டும் நேர்வழி எங்கிருந்து கிடைக்கும்?

பெல்கிரேடில் மூன்று ராக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் ரிம்டுடிடுகி என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து, 1992 மார்ச்சில் ஒரு லாரியின் மேல் நின்று போரை எதிர்த்துப் பாடியபடி நகரத்தைச் சுற்றினார்கள். அடுத்த ஆண்டு பெல்கிரேடுக் குழுக்களும் ஸாக்ரெபுக் குழு ஒன்றும் ஒரே மேடையில் பாடின. அதற்கு அவர்கள் பிராகுக்கும் பெர்லினுக்கும் போகவேண்டியிருந்தது. குரோஷியாவின் பூலா நகரில் 'கூட் இடியோட்டி' என்றொரு குழு. 'முட்டாள்கள் கலை பண்பாட்டுக் கழகம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஆதரவுக் கழகங்களுக்கான கிண்டல் அது. தேசியவெறி உச்சத்திலிருந்த காலத்திலும் இவர்கள் பாசிச எதிர்ப்பைக் கைவிடவில்லை.

போஸ்னியத் தலைநகர் சரஜேவோ ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் முற்றுகையில் கிடந்தது. மின்சாரம் இல்லை. கார் பேட்டரியில் வானொலி கேட்டார்கள். குண்டுக்கு ஒதுங்கிய நிலவறைகளிலேயே கிட்டார் பழகினார்கள். 1995 ஜனவரியில், முற்றுகை நீடிக்கும்போதே, ரேடியோ ஸிட் என்ற சுயேச்சை வானொலி 'ஸ்லோகா' என்ற கூடத்தில் ராக் கச்சேரி நடத்தியது. ஸிட் என்றால் சுவர். ஸ்லோகா என்றால் ஒற்றுமையாம். நான் முதலில் சமஸ்கிருத சுலோகம் என்றே நினைத்துவிட்டேன்.

எல்லா ராக் பாடகர்களும் போரை எதிர்த்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தத்தம் தரப்புக்குக் கொடிபிடித்துப் பாடியவர்களும் இருந்தார்கள், மேடையும் அவர்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது. மற்றவர்கள் செல்லோடேப்போடு உட்கார்ந்து பிரதி எடுத்தார்கள். இந்த அலுப்பூட்டும் வேலையைக் கட்டுரையாளர் கணக்கில் எடுக்கவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

அந்தக் கேசட்டை விலைக்குக் கேட்டேன். தர மறுத்துவிட்டார். பிறகு டேப்ரிக்கார்டரில் அதை ஓடவிட்டு, "உங்கள் ஃபோனில் பதிந்துகொள்ளுங்கள்" என்றார். இரண்டு பாட்டு பதிந்தேன். நடுவே நாற்காலி இழுக்கும் சத்தமும் கேட்கிறது. கட்டுரையாளர் விரும்பினால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி